என் மனைவி குதைபியாவில் வசிக்கிறாள் என்பதற்கான சான்றுகள்

காகிதங்களை ஒழுங்காக வைத்திருப்பவனுக்கு எந்த அலுவலகத்திலும் கெட்டது நடக்காது என்று நாற்பத்தொரு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை 2006 செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்குப் போனது. நோன்பு தொடங்க நாலைந்து நாள் இருந்தது. வார விடுமுறை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறிய புதிது. பஹ்ரைனே இன்று வேலை நாளா இல்லையா என்று குழம்பிக்கொண்டிருந்தது. (எனக்கு அதில் குழப்பமில்லை. நான் சறுக்கியது வேறு இடத்தில்.)

மனாமாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அப்போது நான் டாக்குமெண்ட் கண்ட்ரோலர். வருகிற ஒவ்வொரு கடிதமும் வரைபடமும் எந்தத் தேதியில் வந்தது, யார் வாங்கினார், எத்தனையாவது திருத்தம் என்று பதிவு செய்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது வேலை. வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்வேன். பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். மின்சாரம் நின்ற நேரம், காய்ச்சலின் அளவு, குளிர்சாதனம் பழுதான நாள், விருந்தாளி வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில் இருக்கும். என் மனைவி ரெஜினா நர்ஸ். கல்யாணமான மாதமே அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது டைரி இல்லங்க, கேஸ் ஷீட்டு. நோயாளி யாரு?" என்று கேட்டாள்.

ரெஜினா பிறந்தது தூத்துக்குடியில். பன்னிரண்டு வயதில் தன் தாயோடு ஹூஸ்டனுக்குப் போனாள். அவள் தாய், அதாவது என் அத்தையும் நர்ஸ்தான். அங்கேயே படித்து, அங்கேயே குடியுரிமை பெற்று, அங்கேயே வேலையும் பார்த்தவளை 1999 ஜனவரியில் நான் திருமணம் செய்துகொண்டேன். பெண் பார்த்த அன்று அத்தையிடம், "ரெண்டு வருசம் பஹ்ரைன்ல இருந்துட்டு அமெரிக்கா வந்திருவோம்" என்று சொன்னேன். அதே வருடம் ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை, ரெஜினா முஹரக் விமான நிலையத்தில் வந்திறங்கினாள். இரண்டு வருடம் ஏழு வருடமாயிற்று. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு கட்டடம் பாதியில் நிற்கும். அது முடியட்டும் என்பேன். அது முடிவதற்குள் அடுத்ததற்கு அஸ்திவாரம் போட்டுவிடுவார்கள். நடுவில் 2001 மார்ச்சில் மெர்லின் பிறந்தாள். தாயின் வழியாக அவளுக்கும் அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. மூன்று பேர் குடும்பத்தில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

2005-இல் அத்தைக்கு இதய வால்வில் கோளாறு என்று தெரிந்தது. தனியாக இருந்தார். ரெஜினா ஒரே பிள்ளை. அவளும் மெர்லினும் நினைத்தால் மறுநாளே விமானம் ஏறலாம், நான்தான் சுமை. ஆனாலும் மூன்று பேரும் சேர்ந்துதான் போவது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். "குடும்பத்த ஊர்ல விட்டுட்டு வந்தவங்கள டெய்லி வார்டுல பாக்கேன். ஊசி குத்துனா அழமாட்டாங்க. வீட்ல யார் இருக்காங்கன்னு கேட்டா அழுவாங்க. நமக்கு அது வேண்டாம்" என்றாள். அந்த வருடமே எனக்கு அமெரிக்கக் குடியேற்ற விசா கேட்டு விண்ணப்பித்தாள். (பதினான்கு வருடம் எனக்கு கஃபீலாக, அதாவது பொறுப்பேற்கும் ஸ்பான்சராக இருந்தவர் வெள்ளை அங்கி போட்ட ஓர் அரபி. இப்போது வெள்ளைச் சீருடை போட்ட ஒருத்தி.) அத்தைக்கு 2006 நவம்பர் நடுவில் அறுவை சிகிச்சை என்று மருத்துவர்கள் நாள் குறித்தார்கள். எனக்குத் தூதரக நேர்காணல் செப்டம்பரில். விசா கிடைத்தால் அக்டோபரில் மூவரும் அத்தையின் பக்கத்தில் இருக்கலாம். எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

தூதரகத்திலிருந்து வந்த பட்டியலில் மூன்றாவதாக, ஸ்பான்சரின் டொமிசைலுக்கு, அதாவது நிலையான வசிப்பிடத்துக்குச் சான்று கேட்டிருந்தார்கள். அதன் கீழே நாலைந்து வரி விளக்கமும் இருந்தது. ஸ்பான்சர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இன்னின்ன சான்றுகள் வேண்டும் என்று தொடங்கியது. நான் படிக்காமல் விடவில்லை. அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டுப் படித்தேன். படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் "நமக்குப் பொருந்தாது" என்று எழுதித் தேதியும் போட்டேன். ரெஜினா வெளிநாட்டில் எங்கே வசிக்கிறாள்? இதோ மனாமாவில், எங்கள் குதைபியா வீட்டில், அடுத்த அறையில், சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த முட்டாள்தனத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1999-இல் ரெஜினாவை அழைத்துவரக் குடும்ப விசாவுக்குப் போனபோது கவுண்டரில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டேன். முதல் முறை வீட்டு வாடகை ஒப்பந்தம் இல்லை. இரண்டாம் முறை மின்சாரப் பில் பழைய குடித்தனக்காரர் பேரில் இருந்தது. வளைகுடாவில் எந்தக் கவுண்டரிலும் கேட்பது ஒன்றுதான்: இங்கே உனக்கு வீடு இருக்கிறதா, வேலை இருக்கிறதா, நீ இங்கேயே இருப்பாயா? இருப்பேன் என்று காட்டினால் முத்திரை விழும். போவதாகச் சொன்னால் எல்லாம் கலாஸ்.

எங்கள் தெருவில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த காதர் பாயிடம் ஆலோசனை கேட்டேன். கீழக்கரைக்காரர். குதைபியாவில் பாதிப் பேரின் வாழ்க்கை அவர் விரல் வழியாக அரபியில் போயிருக்கிறது. பட்டியலைப் பார்த்துவிட்டு, "வீடு, கரண்டு, பள்ளிக்கூடம், வேலை. இதத்தான தம்பி எல்லாப் பயலும் கேக்குறான்? அமெரிக்காக்காரன்னா கொஞ்சம் கூட வச்சிருங்க. பேப்பர் ஜாஸ்தியா இருந்து எவனும் கெட்டுப்போனதில்ல" என்றார்.

எனக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு மாதம் உழைத்தேன். ஏழு வருட மின்சாரப் பில்களை மாதவாரியாக அடுக்கினேன். வாடகை ஒப்பந்தம் அக்டோபரில் முடிவதாக இருந்தது. முடிகிற ஒப்பந்தம் பலவீனமாகத் தெரியும் என்று வீட்டுக்காரரைப் பார்த்து 2008 செப்டம்பர்வரை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டேன். ஈசா டவுனில் மெர்லின் படித்த பள்ளிக்குப் போய், அடுத்த கல்வியாண்டுக்கும் அவளுக்கு இடம் உறுதி என்று கடிதம் வாங்கினேன். ரெஜினாவின் மருத்துவமனையில் அவள் நிரந்தர ஊழியர் என்று ஒரு கடிதம். தேவாலயத்தில் ஃபாதரிடம், ரெஜினா பாடகர் குழுவில் இருக்கிறாள், 2008 வரை மாதர் சங்கத்தின் செயலாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள் என்று இன்னொரு கடிதம். (அந்தத் தேர்தலில் அவளை நிற்கச் சொன்னதே நான்தான்.) மொத்தம் நூற்று நாற்பத்தொரு பக்கம். முன்னால் பொருளடக்கம். ஓரத்தில் வண்ண வண்ணமாக அடையாளச் சீட்டுகள்.

நேர்காணலுக்கு நாலு நாள் முன்னால் ரெஜினா ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே ஆறு தாள்கள். ஹூஸ்டனில் அவள் பேரில் இன்னும் உயிரோடிருந்த வங்கிக் கணக்கு, தாயின் முகவரியில் இருந்த ஓட்டுநர் உரிமம், அங்கே தபால் மூலம் வாக்களித்ததற்கான பதிவு, வருமான வரி தாக்கல் செய்த ஒரு நகல், பழைய மருத்துவமனை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வதாக எழுதிய கடிதம். ஆறாவது, மகளும் மருமகனும் பேத்தியும் என் வீட்டில்தான் தங்குவார்கள் என்று அத்தை கைப்பட எழுதியது.

"இதையும் வைங்க" என்றாள்.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஹூஸ்டன் முகவரி. நூற்று நாற்பத்தொரு பக்கம் ஒரே முகவரியைச் சொல்லும்போது ஆறு பக்கம் மட்டும் வேறு முகவரியைச் சொன்னால் ஆள் எங்கே இருக்கிறாள் என்று சந்தேகம் வராதா? அலுவலகத்தில் முரண்படும் ஆவணம் வந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். கவரின் மேல் "தொடர்பில்லாதவை" என்று எழுதி அலமாரியில் வைத்தேன். "ரெண்டு அட்ரஸ் காட்டினா வம்பு. இதெல்லாம் எனக்கு விட்ரு" என்றேன். அவளுக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. என் வேலையில் எனக்கிருந்த பேரையும் அவள் நம்பினாள். போய்விட்டாள்.

நேர்காணல் அன்று அவளுக்குக் காலை டூட்டி. நான் தனியாகப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வயதில் ஒரு பெண் அதிகாரி. கோப்பை வாங்கிப் பொருளடக்கத்தைப் படித்தார். பத்துப் பன்னிரண்டு பக்கம் புரட்டினார். இவ்வளவு ஒழுங்கான கோப்பை இந்தக் கவுண்டரில் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் நன்றி சொன்னேன். (அந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம்.)

மனைவி இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறார் என்று கேட்டார். ஏழு வருடம், ஒரு மாதம், ஏழு நாள் என்றேன். இடையில் அமெரிக்கா போயிருக்கிறாரா? ஒரே ஒரு முறை, 2002 டிசம்பரில், பத்தொன்பது நாள், உடனே திரும்பிவிட்டாள் என்றேன். அந்த "உடனே"யை அழுத்திச் சொன்னது நினைவிருக்கிறது. அவர் வாடகை ஒப்பந்தத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். பள்ளிக் கடிதத்தைப் பார்த்தார். ஃபாதரின் கடிதத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் மனைவிக்கு பஹ்ரைனை விட்டுப் போகும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நான் ஒத்திகை பார்த்திருந்தேன். ஏழு வருடத்துக்கு முன் இன்னொரு கவுண்டரில் கேட்ட அதே கேள்வி.

"நிச்சயமாக இல்லை, மேடம். அவள் இங்கே நிலையாக இருப்பவள்."

அதிகாரி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. அது இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை.

"அப்படியானால் நீங்கள் மட்டும் தனியாக அமெரிக்காவில் குடியேறப் போகிறீர்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உளறினேன். மூவரும் போகிறோம், மாமியாருக்கு அறுவை சிகிச்சை, வீட்டில் ஆறு தாள் இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மனைவியை ஸ்பான்சராக ஏற்க வேண்டுமானால் அவர் அமெரிக்காவில் வசிக்க வேண்டும், அல்லது உங்களோடு சேர்ந்து அங்கே குடியேறப்போகிறார் என்று காட்ட வேண்டும்; நீங்கள் இதற்கு நேர்மாறானதை மிக நன்றாக நிரூபித்திருக்கிறீர்கள் என்றார். ஆறு தாளையும் அனுப்புங்கள், ஆனால் 2008 வரை இங்கே வீடும் பள்ளியும் பதவியும் இருக்கும்போது அவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்றார். என்னென்ன தேவை என்று குறித்த ஒரு தாளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். கோப்பையும் தள்ளினார். அது அந்த இடைவெளியில் நுழையவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்து கொடுக்க வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு ரெஜினா சீருடையோடு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். நடந்ததைச் சொன்னேன், என் பதிலையும் மறைக்காமல் சொன்னேன். அந்த ஆறு தாளும் எங்கே என்று கேட்டாள். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கவரின் மேல் நான் எழுதியிருந்ததைப் பார்த்தாள். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்த மெர்லினுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஏழு வருசமா நான் எங்க இருந்தேன்னு ஒரு நாள் விடாம எழுதி வச்சிருக்கீங்க. எங்க போணும்னு நெனச்சேன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களா?"

எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். ஏழு வருட டைரிகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வைத்த மீன்குழம்பு இருந்தது. மெர்லினின் முதல் பல் முளைத்த நேரம் இருந்தது. அவளுக்கு இரவு டூட்டி விழுந்த நாட்கள் எல்லாம் சிவப்பு மையில் இருந்தன. ஹூஸ்டன் என்ற சொல் தொலைபேசி அழைப்பு வந்த குறிப்புகளில் மட்டும் வந்தது. நடந்ததை மட்டும்தான் எழுதுவது என்று எனக்கு ஒரு கொள்கை. அவள் விரும்பியது எதுவும் அதுவரை நடந்திருக்கவில்லை.

அக்டோபர் முழுவதும் நான் கட்டியதை நானே இடித்தேன். வீட்டுக்காரர், கையெழுத்துப் போட்டு ஒரு மாதம்கூட ஆகாத ஒப்பந்தத்தை ஏன் உடைக்கிறாய் என்று அரபியில் நீளமாகக் கேட்டார். காரணத்தைச் சொன்னபோது நம்பவில்லை. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டேன். ஃபாதரிடம் போய், ரெஜினா சங்கத்திலிருந்து விலகி ஊரைவிட்டே போகிறாள் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

"அப்ப போன மாசம் நான் குடுத்தது?" என்றார்.

"அதுவும் உண்மைதான் ஃபாதர்."

"ரெண்டும் உண்மைன்னா சரி. மூணாவதா ஒண்ணு கேட்டு வந்துராதீங்க."

காதர் பாயைத்தான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தன் பேச்சைக் கேட்டு இப்படி ஆகிவிட்டதே என்று மனிதர் இரண்டு நாள் வருத்தப்பட்டார். "இருவத்திரெண்டு வருசமா ஆளுங்கள இந்த ஊர்ல இருக்க வைக்கத்தான் தம்பி டைப் அடிச்சிருக்கேன். போறதுக்கு என்ன அடிக்கணும்னு யாரும் கேட்டதில்லையே" என்றார்.

அறுவை சிகிச்சைக்கு முன் இது எதுவும் முடியாது என்று தெளிவாகிவிட்டது. நவம்பர் 3, வெள்ளிக்கிழமை, ரெஜினாவும் மெர்லினும் கிளம்பினார்கள். எது வேண்டாம் என்று அவள் ஒரு வருடம் காத்திருந்தாளோ அதையே நான் நடத்திக் காட்டியிருந்தேன். நான் எப்போது வருவேன் என்று மெர்லின் விமான நிலையத்தில் கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் சொல்வதற்கு ஒரு தேதி இல்லை.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்த இரண்டாம் வாரம் அத்தையே போனில் பேசினார். குரல் மெலிந்திருந்தது, மற்றபடி அத்தைதான். "மாப்ள, ஒங்க பொண்டாட்டி இங்கதான் இருக்கா. சத்தியமா இருக்கா. வேணும்னா நான் இங்க சர்ச்ல ஒரு லெட்டர் வாங்கி அனுப்பட்டா?" என்றார். நான் சிரித்தேன். போனை வைத்தபின், ரெஜினாவின் இஸ்திரிப் பலகையை ஏன் இன்னும் மடக்காமல் வைத்திருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அங்கே வேலையில் சேர்ந்தாள். மெர்லின் பள்ளியில் சேர்ந்தாள். அவற்றுக்கான தாள்களை ரெஜினா அனுப்பினாள்; இருபது பக்கம்கூட வரவில்லை. நான் பொருளடக்கம் போடவில்லை. வந்தது வந்தபடி கொடுத்தேன். 2007 மே மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். வேறொரு அதிகாரி, மனைவி எங்கே என்று கேட்டார். ஹூஸ்டனில் என்றேன். ஆறு நிமிடத்தில் முடிந்தது.

2007 ஜூன் 23, சனிக்கிழமை, நான் ஹூஸ்டனில் இறங்கினேன். அவர்கள் போய் இருநூற்று முப்பத்திரண்டாவது நாள். குடியேற்றக் கவுண்டரில், தூதரகம் ஒட்டித் தந்த என் உறையைப் பிரித்துப் பார்த்த இளைஞர், மனைவி வெளியே காத்திருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்று உரக்கச் சொன்னேன். இந்த முறையாவது சரியான பதில் சொல்கிறேன் என்ற நிம்மதி.

வெளியே யாரும் இல்லை.

இரண்டு பெட்டிகளோடு ஒரு தூணருகே நின்றேன். வெயில் பஹ்ரைனைப் போலவே பிசுபிசுத்தது. என் பழைய செல்போன் அங்கே வேலை செய்யவில்லை. கைப்பையில் அரசு முத்திரையோடு, கையொப்பத்தோடு, என் மனைவி இந்த ஊரில்தான் வசிக்கிறாள் என்று உறுதிசெய்யப்பட்ட காகிதங்கள் இருந்தன. ஆளைத்தான் காணவில்லை. அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, இத்தனை மாதம் தனியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவளுக்கு, இவன் வந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டதோ என்று நினைத்தேன். அப்படித் தோன்றியிருந்தால் அதில் தப்பில்லை என்றும் பட்டது.

ஒரு சாம்பல் நிறக் கார் அவசரமாக வந்து நின்றது. ரெஜினா சீருடையில் இருந்தாள். டூட்டி முடிந்து நேரே வந்திருக்கிறாள். பின் சீட்டிலிருந்து மெர்லின் தலையை வெளியே நீட்டி, "அப்பா, அம்மா வேற டெர்மினல்ல போய் நின்னுட்டாங்க" என்றாள். முன்பல் இரண்டும் புதிதாக இருந்தன. விழுந்த தேதி எனக்குத் தெரியாது.

"ரொம்ப நேரமா நிக்கீங்களா?" என்றாள் ரெஜினா.

"நாப்பத்திரெண்டு நிமிசம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்புதானா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் மெர்லின் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அவள் சொல்லும் கதையில் நூற்று நாற்பத்தொரு பக்கம் இப்போது முந்நூறாகிவிட்டது, நான் திருத்துவதில்லை. ரெஜினாவுக்கு இன்னும் டூட்டி உண்டு. வர வேண்டிய நேரம் தாண்டினால் நான் வாசலுக்கும் அறைக்குமாக நடப்பேன்.

"அம்மா இங்கதான் வசிக்கிறாங்கன்னு பேப்பர் இருக்குல்லப்பா. உக்காருங்க" என்பாள் மெர்லின்.

உட்காருவேன். தெரு தெரிகிற நாற்காலியில்.